இரண்டும் என்று சொன்னவன்

கனடாவில் நான் வேலை செய்யும் கிடங்கில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆடும் சீட்டாட்டத்தில் மட்டமான கைக்கும் பரிசு உண்டு. போக்கரில் அது ஒரு வகை. ஆளுக்கு ஐந்து சீட்டு; அதைத்தான் கை என்பார்கள். இருப்பதிலேயே உயர்ந்த கைக்குப் பந்தயத்தில் பாதி, தாழ்ந்த கைக்கு மறுபாதி. ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பாவும் தொழிற்சாலைக் கூட்டாளிகளும் ஞாயிறுதோறும் ரம்மி ஆடியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதென்ன ஊரை ஏமாற்றும் வேலை என்று தோன்றியது. அங்கே ஜெயிப்பவர் ஒருவர்தான். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. சீட்டைக் காட்டுமுன் எல்லோரும் மூடிய கையை நீட்ட வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்றால் தாழ்ந்த பாதிக்குப் போட்டி, ஒரு காசு என்றால் உயர்ந்த பாதிக்கு, இரண்டு என்றால் இரண்டுக்கும். இரண்டும் என்றவன் ஒரு பக்கம் தோற்றால் மறுபக்கமும் போச்சு. இதைக் கற்றுத் தந்த டேவ், குடியுரிமை வாங்கிய பிறகு இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டார். எங்கள் நாட்டைத்தான் 'ஹோம்' என்று சொல்லி, அங்கே அதற்கு இடமில்லை என்றேன். வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, வயதானவர்கள் மனம் மாறுவார்கள் என்று என் தோளைத் தட்டினார். நானும் திருத்தவில்லை.

மனைவியும் மகளும் போன வருடமே கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். விமான நிலையத்தில் அவர்கள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. அடுத்த மாதம் நானும் உறுதிமொழி எடுக்க வேண்டும். அப்பாவிடம் நேரில் சொல்லத்தான் இந்தமுறை, அவர் இப்போது இருக்கும் ஐயப்பன்தாங்கல் வீட்டுக்கு வந்தேன். வந்த நாள் முதல் வாய் வரவில்லை. அதை மறைக்கவோ என்னவோ, அவருக்கும் அவருடன் வேலை பார்த்த ஏழுமலை மாமாவுக்கும் இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தேன். காசுக்குப் பதில் புளியங்கொட்டை.

ஆடத் தொடங்கிய மூன்றாம் நாள் எனக்கு இரண்டு முதல் ஆறுவரை வரிசையாக விழுந்தது. வரிசை என்பதால் உயர்வுக்கும் ஆகும், சின்ன எண்கள் என்பதால் தாழ்வுக்கும் ஆகும். இரண்டு கொட்டையை மூடி நீட்டினேன். அப்பாவின் கை காலி. மாமா கையில் ஒன்று. சீட்டை விரித்தால், தாழ்வில் அப்பா என்னை ஒரு மயிரிழையில் முந்தியிருந்தார். விதிப்படி என் உயர்ந்த பாதியும் பறிபோய், வெறும் ஒரு ஜோடி ராஜா வைத்திருந்த மாமாவுக்குச் சேர்ந்தது.

"இன்னா நைனா, எப்பப்பாரு ரெண்டு வெக்கிற? ஒண்ணுல நில்லு," என்றார் மாமா, கொட்டைகளை வாரிக்கொண்டே.

அதற்குமேல் அடக்க முடியவில்லை. சீட்டைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மாமா தண்ணீர் குடிப்பதுபோல் எழுந்து போனார். அப்பா கேட்டார்:

"அப்போ நம்ம ஊட்டுக்கு வர்றதுக்கு நீ விசா வாங்கணுமா?"

இந்திய அரசே ஓர் அட்டை தரும், ஆயுசுக்கும் செல்லும், எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கே இருக்கலாம் என்று அவசரமாகச் சொன்னேன். அப்பா என் சீட்டுகளையும் சேர்த்து எடுத்து அடுக்கினார். கோபம் துளியும் இல்லை.

"அட்ட இல்லாதப்பவும் எத்தினி நாள் வேணா இருந்திருக்கலாம் நைனா. ஒவ்வொரு தபாவும் மூணு வாரந்தான இருந்துட்டுப் போன."

நான் வந்து அன்று பதினாறாம் நாள்; திரும்ப இன்னும் ஐந்தே நாள்.