ஸ்லோ நிற்காத கார்

ரப்பர்ப் பாலின் புளித்த வாடையும் பெட்ரோல் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் தொண்டையின் அடியில் ஒரு கசப்பு தங்கிவிடும். எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம், சீனப் புத்தாண்டுப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், எங்கள் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டே போனேன்.

மலாக்கா மாநிலத்துப் பெம்பானிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லயத்தில் கார் வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தான். இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பிறகு அவர் கைக்கு வந்த வெளிர்நீலக் கார் அது. பெருநாளுக்கு முந்தைய வாரம், எஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாய் ஒரு முனையில் கசியத் தொடங்கியது. அப்பா யாரையும் கேட்கவில்லை. மரத்தடியில் பால் வடியும் “மங்கு” என்ற கிண்ணத்திலிருந்து புதுப்பாலை எடுத்துவந்து குழாயின் வாயில் உள்ளும் புறமும் தடவி, துணிநாடாவைப் பாலில் நனைத்துச் சுற்றி, ஒருநாள் காயவிட்டார். கசிவு நின்றது. லயத்து ஆண்கள் வரிசையாக வந்து குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். “டயரே இதுலதான் செய்றான், இது தாங்காதா” என்று அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. வாழ்நாளெல்லாம் அந்தப் பாலையே தொட்டுப் பிழைத்தவர்களுக்கு அதன்மேல் இருந்த நம்பிக்கை அப்படி.

ஒட்டுப்போட்ட மூன்றாம் நாளே கார் மாறிப்போனது. பேட்டரியும் தளர்ந்திருந்ததால் தள்ளிவிட்டால்தான் உயிர் பெறும். அக்சிலேட்டரை மிதித்திருக்கும்வரை ஓடும். காலை எடுத்த மறுகணம் இரண்டு தடவை குலுங்கிவிட்டு அடங்கிவிடும். மிதிக்காமல் நிற்கும்போதும் எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருப்பதை எங்கள் ஊரில் “ஸ்லோ” என்பார்கள். எங்கள் காருக்கு ஸ்லோ நிற்கவில்லை, அதாவது நிலைக்கவில்லை. பெம்பானில் கார் பழுதுபார்க்கும் கடைகள் எல்லாம் சீனர்களுடையவை, பெருநாளுக்காக மூடிக் கிடந்தன. திறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா விட்டுவிட்டார்.

அதற்குள் என் தம்பி செல்வத்துக்கு இழுப்பு வந்துவிட்டது. அவனுக்கு நான்கு வயது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குக் கீழே ஒரு குழி விழுந்து விழுந்து எழும். தோட்டத்து மருந்தாளர் விடுப்பில் போயிருந்தார். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூக்கில் மூடி பொருத்தி மருந்துப் புகையை இழுக்கவைக்கும் “கேஸ்” வைத்தால்தான் நெஞ்சு திறக்கும் என்பது அம்மாவுக்கு முன்னனுபவத்தில் தெரியும். லயத்து ஆட்கள் தள்ளிவிட, நாங்கள் நால்வரும் கிளம்பினோம்.

பெம்பான் கடைவீதியில் சிங்க ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வெடித்த பட்டாசின் சிவப்புத் தாள்கள் சாலை முழுதும் கிடந்தன. முன்னால் போன வண்டி சட்டென நிற்க, அப்பா பிரேக்கை அழுத்தினார். எஞ்சின் குலுங்கி அடங்கியது. வேடிக்கை பார்த்தவர்கள் தள்ளிவிட்டு அதைத் திரும்ப ஓடவைத்தார்கள். ஆனால் மலாக்கா டவுனுக்குள் எத்தனை சிக்னல் இருக்கிறது என்று அப்பா வாய்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். பிறகு வண்டியைக் கடைகளுக்குப் பின்னால் திருப்பினார். அங்கேதான் சூசை மாமாவின் வீடு. எங்கள் தோட்டத்துப் பால் லாரியை ஓட்டியவர், வண்டி வேலையும் தெரிந்தவர். கைலியை மடித்துக் கட்டியபடி, சாப்பாட்டுக் கையைக் கழுவிக்கொண்டே வெளியே வந்தார்.

எஞ்சினை இப்போதைக்கு நிறுத்த வேண்டாம் என்றார் மாமா. அவரிடம் பழுதைக் காட்ட அப்பா இறங்க வேண்டும். இறங்கினால் யார் மிதிப்பது? அம்மா செல்வத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவனை மடியில் சாய்த்து, வெறுங்காலால் அக்சிலேட்டரை அழுத்தினாள். அந்தக் கால்விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தினாள்.

மாமா முதலில் எதையும் தொடவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு திருப்புளியால் ஒரு சிறு திருகை உள்ளே திருகினார், வெளியே திருகினார். சத்தம் மாறவே இல்லை. உள்ளங்கையால், பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரின் வாயை ஒரு கணம் பொத்தி எடுத்தார். கார் முழுதும் அதிர்ந்தது. கையை முகர்ந்து பார்த்துவிட்டு, குழாயில் என்ன வேலை செய்தாய் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தணிந்த குரலில் சொன்னார்.

“சரியாப் போச்சு. பாலு வெட்டுறவன் கார்ல ஓட்டை விழுந்தாலும் பாலையே ஊத்துவான்” என்று மாமா சிரித்தார். “பெட்ரோல்ல ஊறுனா பாலு கூழாயிடும் லா தம்பி. அந்தக் கூழுதான் ஸ்லோ ஓட்டையில போய் அடைச்சுக்கிட்டு இருக்கு.”

பிறகு ஜன்னல் பக்கம் வந்து, சிரிப்பை விட்டுவிட்டு, அம்மாவிடம் காலை எடுக்கச் சொன்னார்.

அம்மா எடுக்கவில்லை. “நின்னுட்டு மறுபடி கெளம்பலைன்னா என்னாண்ணே பண்றது?” என்றாள்.

“இப்படியே போனா டவுன்ல முதல் சிக்னல்லயே நிக்கும்மா. எனக்குப் பத்து நிமிசம் குடு.”

அம்மா செல்வத்தின் கழுத்துக் குழியைப் பார்த்தாள். அது விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. பிறகு அவள் காலை எடுத்தாள்.

அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய அமைதியை நான் கேட்டதில்லை. எஞ்சின் அடங்கியதும், அதுவரை அது மூடி வைத்திருந்த தம்பியின் மூச்சு மட்டும், கிழிந்த துருத்திபோல, காரை நிரப்பியது. அப்பா இரண்டு கைகளையும் காரின் கூரைமேல் வைத்துக்கொண்டு நின்றார். தன் தவறு அந்தச் சத்தமாக வெளியே வருவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது, நானும் பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மாமா பித்தளையில் நெல்மணி அளவே இருந்த ஒன்றைக் கழற்றி எடுத்தார். கம்பி வைத்துக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தூண்டில் நரம்பில் ஒரு துண்டு வெட்டி மெல்ல நுழைத்தார். மறுமுனையில் வெள்ளையாய் ஒரு துளிக் கூழ் வந்தது. சுத்தமான பெட்ரோலில் அலசி, வாயால் ஊதி, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பிறகு அதை அம்மாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார். ஏன் அப்பாவிடம் காட்டாமல் அம்மாவிடம் காட்டினார் என்று தெரியாது. “தெரியுதுண்ணே” என்றாள் அம்மா. நானும் எட்டிப் பார்த்தேன். எறும்பின் கால் நுழையாத ஒரு துளை. அதன் மறுபக்கம் வானம் இருந்தது. எங்கள் கார், அப்பாவின் பெருமை, தம்பியின் உயிர் எல்லாம் இதன் வழியாகத்தான் போய்வரவேண்டுமா என்ற பிரமிப்பு அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

குழாயின் ஊறிப்போன முனையை அவர் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பகுதியை இழுத்து மாட்டி இறுக்கினார். அக்கம்பக்கத்தார் தள்ள, அப்பா ஓட்ட, மூன்றாவது தள்ளலில் எஞ்சின் பிடித்தது. “இப்ப காலை எடு தம்பி.” அப்பா எடுத்தார். சத்தம் இறங்கியது, இன்னும் இறங்கியது, அம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு சத்தம் அங்கேயே, யாரும் தொடாமல், தானாக நின்று ஓடியது. மாமா அந்தச் சிறு திருகைக் கால் சுற்றுத் திருப்பி, “போ” என்றார்.

டவுனில் ஒவ்வொரு சிக்னலிலும் கார் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. செல்வத்துக்குக் கேஸ் வைத்தார்கள். மாலைக்குள் அவன் கழுத்துக் குழி மறைந்தது. அன்று எந்தச் சாமியைக் கும்பிட்டாய் என்று பிற்பாடு அம்மாவைக் கேட்டபோது, “சாமியெல்லாம் ஞாபகம் வரல, அந்த ஓட்டையத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள். இன்று செல்வம் ஜொகூரில் குடும்பத்தோடு இருக்கிறான். அவனுக்கு அந்த நாளைப் பற்றி எதுவும் நினைவில்லை.

போன வாரம், டுரியான் துங்காலில் படிக்கும் என் மகளின் கார், சாலைச் சந்திப்பு ஒன்றில் பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது நின்றுபோனது. யாரோ ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். “ஓகே லா மா, ஒண்ணும் ஆகல” என்று அவள் போனில் சிரித்தாள். அந்த லாரியை நான் பார்க்கவே இல்லை, ஆனாலும் தினமும் அது வருகிறது. பழுதுபார்த்த இளைஞர் ஸ்டியரிங்கின் அடியில் ஒரு வயரைச் செருகி, திரையைப் படித்து, காற்று நுழையும் இடத்தில் படிந்திருந்த கரியைத் துடைத்தார். சத்தத்தைக் கேட்டுப் பார்க்கவில்லையா என்றேன். “கேக்க வேணாம் ஆன்ட்டி, இதுவே சொல்லிடும்” என்றார். சொன்னது சரியாகவும் இருந்தது. மூடியைத் திறந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். கறுப்பு உறை ஒன்றுதான் தெரிந்தது. பெட்ரோல் வாடைகூட இல்லை. எங்கள் லயம் இருந்த இடத்தில் இன்று எண்ணெய்க்காக நட்ட செம்பனை நிற்கிறது. சூசை மாமா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

மகள் நேற்று தங்கா பத்துவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அதே காரில் கல்லூரிக்குத் திரும்பினாள். அன்றைய கார் போனால் திருப்பம்வரை, அதற்கு அப்பாலும், நல்லபடியாகப் போகிறதா என்று காது சொல்லும். இவள் கார் கேட்டைத் தாண்டியதுமே ஒலியில்லாமல் போய்விட்டது. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். “வந்துட்டேன்மா” என்று அவள் எழுதியது வந்து சேரும்வரை கேட்டைச் சாத்த எனக்கு மனம் வரவில்லை.