மெயினை நிறுத்தியது யார்?

1. மூன்று விநாடி

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்த காலத்தில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் தேவைக்கு ஏற்ப மாற்றிக் கம்பைல் செய்யத் தெரியும் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. திண்டிவனத்தில் பத்திர எழுத்தர் நடராஜனின் அலுவலகத்துக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"கரண்ட் போனா இன்வெர்ட்டர் ஒரு மணி நேரங்கூடத் தாங்கல தம்பி. வேலை இல்லாதப்ப மெஷின் சும்மா கரண்ட் தின்னுக்கினு இருக்கக் கூடாது. ஆள் வந்து ஒக்காந்தா ஜல்தியா வரணும்."

கெர்னலில் பவர் மேனேஜ்மென்ட் பகுதியைத் திறந்தேன். வழி இரண்டு. சஸ்பெண்ட் டு ராம் என்றால் திறந்திருக்கும் வேலை மெமரியிலேயே நிற்கும். அதற்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சஸ்பெண்ட் டு டிஸ்க் என்றால் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். திரும்பி வர ஒரு நிமிடம் ஆகும். முதலாவது மூன்று விநாடியில் எழுந்தது. இரண்டாவது வேண்டாம் என்று அதற்கு N போட்டுவிட்டேன்.

டைப் செய்கிற கலைவாணியிடம் பெருமையாகச் சொன்னேன். "சேவ் கூடப் பண்ண வேணாம்மா. இந்தக் கீயை அழுத்திட்டுப் போங்க. விட்ட எடத்துலயே நிக்கும்."

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

2. நான்கு நாள்

சில மாதம் கழித்து ஒரு மதியம் நடராஜன் போன் செய்தார். பஸ் பிடித்துப் போனேன். அங்கே பெருமுக்கல்லைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர், ஏழுமலையும் சுப்பிரமணியும், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பல வருடமாக இழுத்துக்கொண்டிருந்த பாகப்பிரிவினை அன்று முடிய வேண்டியது. பொதுக் கிணற்றில் வாரத்துக்கு நான்கு நாள் தம்பி மோட்டார் போடலாம் என்று அண்ணன் காலையில்தான் இறங்கி வந்திருந்தார். கலைவாணி அதை டைப் செய்து, சேவ் செய்யாமல், நான் சொன்ன கீயை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து, காலையில் போடுவதுபோலச் சுவிட்சைப் போட்டுத் திறந்து பார்த்தால் முந்தின நாள் எழுதிய பழைய வாசகம்தான் இருந்தது. அதில் தம்பிக்கு மூன்று நாள்.

மெஷின் தானே குறித்து வைக்கும் லாகைப் பார்த்தேன். சஸ்பெண்ட் ஆன வரி இருந்தது, எழுந்த வரி இல்லை. நடுவில் மெஷினுக்குக் கரண்ட் அறுந்திருக்கிறது.

"இன்னாப்பா ஆச்சு?" என்றார் நடராஜன்.

"கரண்ட் ப்ராப்ளங்க" என்றேன். அந்த நாட்களில் அதைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

சுப்பிரமணி கேட்டார். "எதிர் ஓட்டல்லதான் நாங்க சாப்ட்டுக்கினு இருந்தோம். ஃபேன் நிக்கவே இல்ல. எந்தக் கரண்ட் போச்சு?" பிறகு கலைவாணியைப் பார்த்தார். "எங்க அண்ணன் அழிக்கச் சொன்னாராம்மா?"

கலைவாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சொன்ன பொய் நேராக அவள் தலையில்தான் விழுந்திருந்தது.

"அவங்க மேல தப்பு இல்லீங்க" என்றேன். "சேவ் பண்ண வேணாம்னு சொன்னது நான். மெயினை நிறுத்தினா அழிஞ்சிபோற மாதிரி வச்சதும் நான்தான். யாரோ மெஷினுக்குப் போற மெயின் சுவிட்சையே நிறுத்தியிருக்காங்க; அதை நிறுத்தினா இன்வெர்ட்டர் கரண்டும் வராது."



"நான்தான் நிறுத்தினேன்" என்றார் ஏழுமலை. "பையை எடுத்துக்கினு கடைசியா வந்தேன். பொட்டி இருட்டா இருந்துச்சி. ஆள் இல்லாத எடத்துல மெயின் போட்டு வைக்கலாமா?"

அத்தோடு பாகப்பிரிவினை முறிந்தது என்றுதான் நினைத்தேன். தம்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டார் கொட்டாயில செய்யிறத இங்கியும் செஞ்சிட்டியா?" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மெயினை நிறுத்தாம வந்தா எங்கப்பா சோறு போட மாட்டாருங்க. ராத்திரி கரண்ட் வந்து மோட்டார் தானா ஓடி, காயில் எரிஞ்சிபோச்சு ஒருவாட்டி. நானா இருந்தாலும் நிறுத்திட்டுத்தான் வந்திருப்பேன்."

ஏழுமலை நாற்காலியைக் கலைவாணி பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாலு நாள்னே அடிம்மா."

3. சோதனை

நடராஜனும் அண்ணன் தம்பியும் பதிவு அலுவலகம் போயிருந்தபோது கலைவாணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுவா இருந்தாலும் இனிமே சேவ் பண்ணிட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்றாள். சஸ்பெண்ட் டு டிஸ்குக்கு Y போட்டு, அந்தக் கீயையும் அதற்கே மாற்றினேன். மெமரியில் இருப்பதை எழுதிவைக்க, ஹார்ட் டிஸ்கில் ராமைவிடப் பெரிய ஸ்வாப் இடம் ஒதுக்கினேன். மெஷின் எழும்போது அதை அங்கிருந்து எடுக்கும்படி resume என்ற வரியைச் சேர்த்துக் கம்பைல் செய்தேன். அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும், கெர்னலைத் தொடுவதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அலுவலகத்தைப் பூட்டும்போது இங்கே மெயினை நிறுத்துவது யார்?

கையெழுத்து முடிந்து அவர்கள் பையை எடுக்க வந்தார்கள். கிளம்பும்போது ஏழுமலையின் கை பழக்கத்தில் சுவிட்ச் பக்கம் போய், பாதியில் நின்றது.

பத்திரத்தில் கிணறு பற்றிய பக்கத்தைத் திரையில் திறந்து, சேவ் செய்யாத ஒரு வரியையும் சேர்த்துவிட்டு, கீயை அழுத்தினேன். மெஷின் அணைந்தது.

"இப்ப நிறுத்துங்க" என்றேன்.

ஏழுமலை தம்பியைப் பார்த்தார். "நிறுத்துண்ணா" என்றார் சுப்பிரமணி.

நிறுத்தினார். சிறிது நேரம் விட்டு அவரையே போடச் சொன்னேன். அந்த ஒரு நிமிடமும் ஐந்து பேரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தம்பியின் நான்கு நாள் வந்தது, சேவ் செய்யாத அந்த வரியும் வந்தது.