புளி போட்டுத் தேய்த்த பதக்கங்கள்

நான் பழைய ஜெர்மன் இராணுவப் பதக்கங்களைச் சேர்க்கிறவன் என்று சொன்னால் அபுதாபி முசஃபாவில் யாரும் நம்புவதில்லை. வாகன உதிரிப்பாகக் கடையில் ஸ்டோர் கீப்பராக இருப்பவனுக்கு ஃபில்டர், பெல்ட், பேரிங் தவிர வேறு எதைச் சேர்க்கத் தெரியும் என்று நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் என் அக்காவுக்கு விஷயம் தெரிந்த அன்று, "உனக்கு விசர்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை.

தொடங்கியது ஒரு மேசை விசிறியில். நாட்டை விட்டுப் போகிற வெள்ளைக்காரர்கள் வீட்டைக் காலி செய்யும்போது வாசலில் மேசை போட்டுச் சாமான்களை விற்பார்கள். அப்படி ஒரு வீட்டில் விசிறி வாங்கினேன். விசிறி இருந்த பெட்டியின் அடியில் ஒரு சிலுவை கிடந்தது. நடுவில் கறுப்பு இரும்பு, ஓரத்தில் மங்கிய வெள்ளி. முதலாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்களுக்குக் கொடுத்த இரும்புச் சிலுவை என்று பிறகுதான் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். விசிறியை விற்ற மனிதர் சிரித்துவிட்டு, வைத்துக்கொள்ளச் சொன்னார். விசிறி ஒரு வருஷத்தில் பழுதாகிப் போனது. சிலுவை பதினாறு வருஷமாக என்னோடு இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. காயம்பட்டவர்களுக்குக் கொடுத்த கறுப்பு பட்ஜ், வாள் போட்ட நினைவுச் சிலுவை, தொப்பி வில்லை, ஒரு சாப்பாட்டுக் கரண்டி. நாஜிச் சின்னம் உள்ளதை மட்டும் நான் வாங்குவதில்லை. அந்தக் கூட்டம் செய்ததைப் படித்த பிறகு, நான் தூங்குகிற அறைக்குள் அதைக் கொண்டுவர மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பதக்கங்களைவிட எனக்குப் பிடித்தவை படங்கள். அந்தக் காலத்து ஜெர்மன் சிப்பாய்கள் போருக்குப் போகுமுன் ஸ்டூடியோவில் படம் எடுத்துத் தபால் அட்டையாக வீட்டுக்கு அனுப்புவார்கள். பின்னால் வரைந்த காடு, பக்கத்தில் போலி மதில், அளவுக்குப் பெரிய சப்பாத்து. என்னிடம் அப்படிப் பதினொரு பேர் இருக்கிறார்கள். அட்டையின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருப்பதை ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்ப்பேன். ஒருவன் தாய்க்கு எழுதியிருந்தான்: சாப்பாடு பரவாயில்லை, காலுறை அனுப்புங்கள். கல்ஃபுக்கு வந்த முதல் மாதம் நானும் ஏறக்குறைய இதைத்தான் எழுதினேன்.

எங்கள் வீட்டில் என் அண்ணாவின் படம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் ஊர் பேர் தெரியாத சிப்பாய்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியும். அண்ணா பத்தொன்பது வயதில் இயக்கத்துக்குப் போனார். திரும்பி வரவில்லை. வீடு வீடாக இராணுவச் சோதனை நடந்த நாட்களில் அம்மா அவருடைய படங்கள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். மிஞ்சியது ஒன்று மட்டும், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அண்ணாவுக்குக் கிடைத்த சின்னப் பித்தளைப் பதக்கம். அதை அம்மா பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கிணற்றடி வாழைக்குக் கீழே புதைத்தார். இடம்பெயர்ந்து வருஷக்கணக்கில் அலைந்து திரும்பி வந்து தோண்டியபோது அது கரிக்கட்டி போல இருந்தது. எழுத்து இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

நான் கல்ஃபுக்குப் புறப்பட்டபோது அம்மா அதை என் கையில் தந்தார். "அண்ணா ஓட்டத்தில முதலாவதா வந்ததுக்குக் குடுத்தது. கவனமா வைச்சிரு. தேய்ச்சுக் கீய்ச்சுப் போடாதை" என்றார். பின்னாளில் பழைய பதக்கத்தைத் துலக்கக் கூடாது, அந்தக் கறுப்புத்தான் அதன் வயது, அதைத் தேய்த்தால் பொருள் செத்துவிடும் என்ற சேகரிப்பாளர்களின் விதியைப் படித்தபோது, அம்மாவை நினைத்துப் பெருமைப்பட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல் எப்படித் தெரிந்தது பார் என்று.

அண்ணாவின் பதக்கத்தையும் ஜெர்மன் பதக்கங்களோடுதான் வைத்திருந்தேன். நீல நிற பட்டர் பிஸ்கட் டின், உள்ளே வெல்வெட் துணி. அத்தனை பதக்கங்களுக்குள் இருந்தால் அதைப் பற்றி யாரும் தனியாகக் கேட்கமாட்டார்கள்.

என் அறைத்தோழன் இராமநாதபுரம் பக்கம். வெல்டர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். ஒன்பது வருஷமாக ஒரே அறை, ஒரே அடுப்பு. அவன் மீன்குழம்பு வைத்தால் நான் பாத்திரம் கழுவுவேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவன் லீவு போடுவான். என் டின்னைத் திறந்து காட்டிய ஒரு நாள், "இதெல்லாம் ஆயுதம் தூக்குனவகளுக்குக் குடுத்ததாண்ணே?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். அந்த ஒரு "ஓம்"தான் வினையாகப் போனது.

நவராத்திரியின் கடைசியில் எங்களுக்குப் புத்தகம் வைத்துக் கும்பிடுகிற சரஸ்வதி பூசை. அவனுக்கு ஆயுத பூசை. வருஷா வருஷம் எங்கள் அறையில் இரண்டும் சமாதானமாக நடக்கும். என் பக்கம் இரண்டு புத்தகமும் கால்குலேட்டரும், அவன் பக்கம் வெல்டிங் ஹெல்மெட், சுத்தியல், கிரைண்டர், வெங்காயம் வெட்டுகிற கத்தி. எல்லாவற்றையும் முதலில் கழுவித் துலக்கிப் பிறகு சந்தனம், குங்குமம் வைப்பான். கழுவாத ஆயுதத்தைச் சாமிக்கு முன்னால் வைப்பது அவனைப் பொறுத்தவரை முகம் கழுவாமல் கோயிலுக்குப் போவது.

அந்த வருஷம் பூசையன்று ஸ்டோரில் சரக்குக் கணக்கெடுப்பு. டியூட்டி முடிந்து பின்னேரம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். ஊதுபத்தி வாசனை, தட்டில் பொரி, சுண்டல். சுத்தியலுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் என் பதக்கங்கள் பளபளவென்று மின்னின. ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். பக்கத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்த பதினொரு ஜெர்மன் சிப்பாய்களும் நெற்றியில் பொட்டோடு என்னைப் பார்த்தார்கள். நல்லவேளை, படங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன.

"வந்துட்டீகளாண்ணே! ஒங்களுக்காகத்தான் சூடம் ஏத்தாம இருக்கேன்" என்றான், வாயெல்லாம் பல்லாக.

"என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?"

"புளியப் போட்டு ஊறவச்சு, பழைய பிரஷ்ஷால தேச்சேண்ணே. ரெண்டு மூணு ஒரே கறுப்பா இருந்துச்சு, துருன்னு கம்பி நாரால தேச்சேன். ஆயுதத்தோட சம்பந்தப்பட்டதில்லையா, இத்தன வருசமா பூசையில வைக்காம விட்டுட்டமேன்னு..."

காய பட்ஜின் கறுப்புப் பூச்சைத்தான் அவன் துரு என்று தேய்த்திருந்தான். நூறு வருஷம் தாங்கிய பூச்சு. சிலுவையின் நடுவில் இரும்பு பல்லிளித்தது. என் கோபம் வரும்போது ஆள் பார்க்காது. கத்தினேன். கடைசியில், "படிப்பறிவில்லாதவனோட ஒரே அறையில இருந்தது என்ர பிழை" என்றேன்.

அவன் சூடத்தை ஏற்றி, தனியாகக் கும்பிட்டுவிட்டு, சுண்டலை மூடி வைத்தான். அடுத்த நாள் காலை நான் டியூட்டிக்குப் போகும்போது அவன் பெட்டியில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தான். மத்தியானம் வந்து பார்த்தால் கட்டில் காலி. கம்பெனியின் தொழிலாளர் கேம்புக்குப் போய்விட்டான். மூடிய சுண்டல் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை எனக்கு லீவு. சேதத்தைக் கணக்குப் பார்க்கலாம் என்று பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். சிலுவை போச்சு. பட்ஜ் போச்சு. தொப்பி வில்லை தப்பித்தது. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், கடைசியாக ஒன்றை எடுத்துத் திருப்பினேன்.

அண்ணாவின் பெயர்.

ஆசாரி கையால் வெட்டிய எழுத்து, கொஞ்சம் சரிந்து, அப்பாவின் முதலெழுத்தோடு. அதற்குக் கீழே இன்னும் ஏதோ வரிகள். அவற்றை வாசிக்கக் கண் விடவில்லை. இருபத்தேழு வருஷம் அதை ஜெர்மன்காரர்களின் பதக்கம் போலவே பாதுகாத்திருக்கிறேன். கறுப்பைக் காப்பாற்றுகிறேன் என்று அண்ணாவின் பெயரை நானே மறைத்து வைத்திருந்திருக்கிறேன். ஐந்து ரூபாய்ப் புளி போதும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அவனைத்தான் படிப்பறிவில்லாதவன் என்றேன். வெட்கமாக இருந்தது.

பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். ஒரு டிரெய்லரின் நிழலில் உட்கார்ந்து குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். அந்த மரியாதைதான் என்னை இன்னும் கொன்றது.

"நான் கதைச்சது பெரிய பிழை" என்றேன். "வாரும், அறைக்குப் போவம்."

"அத விடுங்கண்ணே. நாந்தான் கேக்காம தொட்டுட்டேன்." குரலில் இன்னும் கொஞ்சம் இறுக்கம் இருந்தது. நான் பதக்கத்தை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இதத்தாண்ணே கேக்கணும்னு இருந்தேன். தேய்க்கத் தேய்க்கத் தமிழ் எழுத்து வந்துச்சு. ஜெர்மன்காரன் சாமான்ல தமிழா, அதும் ஒங்க அப்பா இனிசியல்னு ஆச்சரியமாப் போச்சு. நீங்க வந்ததும் காட்டணும்னுதான் சூடம் ஏத்தாம இருந்தேன். யாருண்ணே இது?"

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவனிடம் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். குப்பூஸை மடியில் வைத்துவிட்டுக் கேட்டான். "ஓட்டத்தில முதலாவதா வந்தவர்" என்று முடித்தேன்.

அவன் தயங்கினான். "ரெண்டாவதுண்ணே."

"முதலாவது."

"இல்லண்ணே, பாருங்க."

பார்த்தேன். 200 மீற்றர் ஓட்டம். இரண்டாம் இடம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெட்டியிருந்தார் ஆசாரி.

அங்கேயே நின்று அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கத்துவதுதான் வழக்கம். பதக்கத்தைத் துலக்கிய கதையைச் சொன்னேன்.

"நான் தேய்க்க வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்."

"அம்மா, இதில இரண்டாம் இடம் எண்டு கிடக்கு."

"ஓம், ரெண்டாவதுதான். அதாலதான் தேய்க்க வேண்டாமெண்டனான்."

"பிறகேன் முதலாவது முதலாவது எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

"முதலாவதா வந்த பெடியன்ர தாய் இப்பவும் எங்கட ஒழுங்கையிலதான் இருக்கிறா. அவவின்ர பிள்ளை கனடாவில. ரெண்டு பேரப்பிள்ளையள். ஒவ்வொரு வருசமும் வந்து பாத்திட்டுப் போறான்" என்றார் அம்மா. "எல்லாத்திலயும் அவவே முதலாவதா இருக்க வேணுமோ?"

தோழன் ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தான்.

"அம்மா, நாந்தாம்மா அதத் தேச்சது. எங்கிட்ட கிரைண்டர் இருக்கு. ரெண்டாங்கிறத எடுத்துட்டு முதலாம்னு வெட்டித் தந்துடுறேன். யாருக்கும் தெரியாது."

அண்ணாவின் பேச்சு வந்தால் அம்மா அழுவார், அல்லது பேச்சை மாற்றுவார். அன்றுதான் முதல் தடவையாகச் சிரிப்பதைக் கேட்டேன். சிரித்து, இருமி, மூச்சு வாங்கினார்.

"வேண்டாம் ராசா" என்றார். "அவன் ஓடினபடியே இருக்கட்டும். பேர் வடிவாத் தெரியுதோ?"

"தெரியுதும்மா" என்றான் அவன்.

"அப்ப வருசா வருசம் நீயே தேய்ச்சு விடு."

அன்று பின்னேரம் அவன் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தேன்.