அக்காவை நீக்கும் கடிதம்

எங்கள் ரேஷன் கடைக் கண்காணிப்புக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டது என் நேர்மைக்காக இல்லை. கடை வாசலில் நின்றுகொண்டு மண்ணெண்ணெய் அளவைப் பற்றித் தினமும் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். கவுன்சிலர் கேள்விப்பட்டு, "வெளிய வுட்டா கத்துவான். உள்ள போட்டுடு, கம்முனு கெடப்பான்" என்றாராம். விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் 'ஒன்பதாவது, இரண்டு முறை' என்று எழுதினேன். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது: இளைஞர் பிரதிநிதி.

குழுவில் மொத்தம் மூன்று பேர். தலைவர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார், படிக்கச் சொன்னால்தான் கண்ணாடியைத் தேடுவார். மகளிர் பிரதிநிதி, காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்கும் அக்கா. மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் அவர் வந்து நின்றால் கடைக்காரருக்கு வியர்க்கும். பம்ப்பிலிருந்து வேகமாக விழும் எண்ணெய் பொங்கி, அளவு ஜாடி நிறைந்த மாதிரி தெரியும். அக்கா விடமாட்டார்.

"நொரையவா வூட்டுக்கு எடுத்துனு போறது? அடங்கட்டும் சார். அப்பால மீதிய ஊத்து."

கடைக்காரர் ஆரணிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அக்காவை நியமித்தது மண்டல அலுவலகம். நீக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் சுற்றறிக்கையைக் கரைத்துக் குடித்திருந்தார். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் பதவி தானாகவே போய்விடும். கூட்டத்துக்கு நாள் குறிப்பது அவர் வேலை. குறித்தார், காலை ஆறு மணி என்று. படகுகள் கரை சேர்ந்து ஏலம் சூடுபிடிக்கிற நேரம்.

முதல் கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. இரண்டாவதற்கும் வரவில்லை. இரண்டிலும் நான் டீயும் மசால்வடையும் சாப்பிட்டுவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் முறை அக்காவின் பெயருக்கு எதிரே கடைக்காரர் சிவப்பு மையில் சுழித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலையே அக்காவிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"ஏலத்த வுட்டுட்டு வந்தா நான் இன்னாத்தடா விப்பேன்? பதவியும் வேணாம், ஒரு புடலங்காயும் வேணாம். போடா."

"நீ போயிட்டா நம்ம தெரு ஃபுல்லா நொரதான்க்கா."

அக்கா கத்தியை அழுத்தி இழுத்தார். சங்கரா மீனின் செதில் என் முகம் வரைக்கும் தெறித்தது.

மூன்றாவது கூட்டத்துக்கு முன்னால் கடைக்காரர் என் தோளில் கை போட்டார்.

"தம்பி, நீ உள்ளூரு. அந்தம்மாவுக்கு ஏலம் ஜாஸ்தியா இருக்கிற நாளாப் பாத்துச் சொல்லேன்."

காலண்டரைப் பார்த்தேன். சித்திரை பிறந்ததும் விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனம் பெருகட்டும் என்று அரசாங்கமே போட்ட தடை. படகு போகாவிட்டால் ஏலமும் இல்லை. காசிமேட்டில் இது பூனைக்குக்கூடத் தெரியும். ஆரணியில் தெரிய வேண்டிய அவசியமில்லை.

"வருசப் பொறப்பு முடிஞ்சி ஒரு வாரம் கழிச்சி வை சார். ஏலம் பிச்சிக்கும்" என்றேன்.

அந்த நாள் காலை ஆறுக்குப் பத்து நிமிடம் முன்பே அக்கா தலை நிறையப் பூவோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேசைமேல் மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம் தயாராக இருந்தது. முத்திரை குத்தி, தலைவர் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. கடைக்காரர் அதை இழுப்பதற்குள் அக்கா அதன்மேல் கை வைத்தார்.

"இன்னா காய்தம் சார் இது? எனக்குப் படிக்க வராது. டேய், நீ படி."

எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில்கூடப் படிக்காத ராகத்தில் படித்தேன். "மூன்றாவது கூட்டத்திற்கும் வருகை தராத காரணத்தால்..."

"ஆரு வரல?"

"நீதான்க்கா."

"அப்போ இங்க குந்திகினு கீறது ஆரு? என் ஆவியா?"

தலைவருக்கு உடனே கண்ணாடி கிடைத்துவிட்டது. படித்து முடித்து, தன் கையெழுத்தை யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கிழிச்சிடுங்க சார்" என்றார் கடைக்காரரிடம்.

"கிழிக்காத நைனா. ஃபைல்ல வை. ஆபீசர் வந்தா அவரும் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். "ரெண்டு தபா நான் வரலைன்னு எழுதறப்போ நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"வடை துன்னுகினு இருந்தேன்க்கா."

"கஸ்மாலம்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அதற்குமேல் கிண்டல் வரவில்லை.

அன்றைய ஒரே தீர்மானத்தை அக்கா கொண்டுவந்தார்: இனி கூட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு. தலைவரும் நானும் கை தூக்கினோம். கடைக்காரர் தன் கையாலேயே அதைப் பதிவேட்டில் எழுதினார். அக்கா கீழே கட்டைவிரலை அழுத்தமாகப் பதித்து, மிச்ச மையை என் வெள்ளைச் சட்டையில் நிதானமாகத் துடைத்துவிட்டு எழுந்து போனார்.