தம்பிக்கு இட்ட படையல்

குடியால் இறந்த என் தம்பிக்குத் திண்டிவனம் வீட்டில் படையலிட்டோம். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு வைத்ததைப் போலவே அவனுக்கும் உறவினர் ஒருவர் குவார்ட்டர் பாட்டில் வைத்தார். தம்பி மகள் அதை அகற்றிவிட்டு, எங்கள் ஊரில் மல்லாட்டை எனும் வேர்க்கடலையை அவித்து வைத்தாள். விழுப்புரத்தில் வேலை முடிந்து எவ்வளவு குடித்துத் திரும்பினாலும் அவளுக்காக அவன் மறவாமல் வாங்கி வருவது அது.

படையல் முடிந்ததும் அந்த மல்லாட்டையோடு என்னருகே அமர்ந்தாள்.

“தாத்தாகிட்டருந்து அப்பாவுக்கு இந்தக் குடி வந்துச்சு. எனக்கும் வருமா பெரியப்பா?”

அவள் ஒரு மல்லாட்டையை உரித்து, தான் தின்னாமல், முதல் பருப்பை என் கையில் வைத்தாள். சிறுவயதிலிருந்தே தம்பியும் எனக்கு அப்படித்தான் தருவான்.

“வரலாம்மா, வராமயும் போவலாம்,” என்று கையிலிருந்த பருப்பைக் காட்டினேன். “இது வந்துடுச்சு.”