அத்தையின் இடது கை

அத்தையின் முட்டை வண்டியில் மூன்றாவது கியர் நிற்காமல் துள்ளி வெளியே வர ஆரம்பித்தபோது, அதை எங்களிடம் முதலில் சொன்னது அத்தை அல்ல. அவளிடம் முட்டை வாங்கும் பேக்கரிக்காரர்தான் அப்பாவுக்குப் போன் செய்தார்.

"உங்க அக்கா ஒரு கையால ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கியரோட மல்லுக்கட்டிக்கிட்டு வர்றாங்க. என்னன்னு கேளுங்க."

மாலையில் கேட்டோம். "மூணாவது கொஞ்சம் முரண்டு பிடிக்குது. நான் பிடிச்சு வெச்சா நிக்குது. அதுக்கு ஊரக் கூட்டணுமா?" என்றாள், சரியாக மூடாத ஜன்னலைப் பற்றிப் பேசுவதைப்போல.

அத்தைக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடங்களாக ஒரே வேனில் முட்டை ஏற்றிக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். விடிந்ததும் கிடங்கில் அட்டைகளை அடுக்கி, இடுக்குகளில் பழைய போர்வைகளைச் செருகி, கயிற்றை இழுத்துக் கட்டுவாள். மதியத்துக்குள் பேக்கரிகள், மளிகைக் கடைகள், ஒரு மருத்துவமனைச் சமையலறை எல்லாம் முடிந்துவிடும். அவளுடைய பெயர் பாதிக் கடைக்காரர்களுக்குத் தெரியாது. முட்டையக்கா என்றால் போதும். ஒரு லோடில் நான்கு முட்டைக்கு மேல் உடைந்தால் அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டாள்.

முட்டை உடையாமல் இருக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். வண்டி ஓடும்போது இடது கையைக் கியர் தண்டின் மேலேயே வைத்திருப்பாள். அந்த நடுக்கத்தை வைத்தே பாதை எப்படி இருக்கிறது, எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவாளாம். "கண்ணுக்கு முன்னாடி கைக்குத் தெரியும்" என்பாள். பள்ளிக்கூடத்துக்கு அந்த வண்டியில்தான் போனேன். அவளுடைய கை இல்லாத கியர் தண்டை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் படிப்பு முட்டை வண்டியில்தான் வந்தது. அதனால் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கும் பொறுப்பும் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கமான மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் போச்சு. இதுல இனிமே காசப் போடுறது தண்டம். தள்ளிவிட்டுட்டு வேற வாங்குங்க" என்று சொல்லியிருந்தார். அலுவலகக் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டேன். ஒரு பக்கம் பழுது பார்ப்பது, இன்னொரு பக்கம் புது வண்டி. பெட்ரோல், பராமரிப்பு, நின்றுபோனால் வரும் நஷ்டம், அத்தையின் முதுகுவலி வரை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்தேன். புது வண்டி சுலபமாக ஜெயித்தது. எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை அவளை ஷோரூமுக்கு அழைத்துக்கொண்டு போனேன். கண்ணாடி மாதிரி பளபளக்கும் தரையில் அவள் செருப்பைக் கழற்றலாமா என்று கூட யோசிக்கவில்லை. நேராகப் போய் வண்டியின் பின்கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, முழம் போட்டு அளந்தாள். விற்பனைப் பையன் ஓடி வந்தான்.

"மேடம், இதுல கிளட்சே கிடையாது. ஆட்டோமேட்டிக். இந்த வயசுல உங்களுக்கு ரொம்ப ஈசியா இருக்கும்."

"இந்த வயசுலன்னா? எனக்கு ரெண்டு காலும் இருக்குப்பா. ஒண்ண வீட்டுல விட்டுட்டா வரப்போறேன்?"

அவன் சிரித்துச் சமாளித்து எங்களை உட்கார வைத்தான். அத்தைக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, வயதும் தடை. அதனால் கடன் என் சம்பளத்தின் மேல். வண்டியும் என் பெயரில். எனக்கு இது ஏற்கெனவே தெரியும். அட்டவணையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் உண்மை.

"அப்போ ஓட்டுறவங்கன்னு என் பேர எங்க போடுவீங்க?" என்று கேட்டாள் அத்தை.

"அதெல்லாம் தேவையில்ல மேடம். ஓனர் பேர் மட்டும் போதும்."

அத்தை எழுந்துவிட்டாள்.

வரும் வழியில் மூன்றாவது கியர் இரண்டு தடவை துள்ளியது. இரண்டு தடவையும் பிடித்து அழுத்திக்கொண்டே பேசினாள். "இந்த வண்டி மேல எனக்கு ஒண்ணும் காதல் இல்ல. கதவு ஒழுகுது, சீட்டு குத்துது, ஹார்ன் அடிச்சா பூனை கத்துற மாதிரி இருக்கு. ஆனா என்னுது. நாளைக்கு உனக்கு வேற ஊர்ல வேலை வரும், கல்யாணம் வரும். தவணை கட்ட முடியலைன்னு சொல்லுவ. அப்போ நான் யாரு வண்டிய ஓட்டிக்கிட்டு இருப்பேன்?"

"நான் அப்படிச் சொல்லுவேனா அத்தை?"

"சொல்ல மாட்ட. சொல்லாமலே முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிவ. அதுக்குச் சொல்லிடறதே மேல்."

எனக்குக் கோபம் வந்தது. உதவி செய்ய வந்தவளை எதிரியாக்குகிறாளே என்று. "நடுரோட்டுல நின்னுபோனா என்ன பண்ணுவீங்க?"

"இறங்கித் தள்ளுவேன். நீ வர வேண்டாம். உன் ஆபீஸ்காரங்க யாராவது பாத்துடப் போறாங்க."

காலையில் சில நாட்கள் அவள் என்னை இறக்கிவிடுவாள். அலுவலகத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே, நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி இறங்கிக்கொள்வேன். அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். புது வண்டிக்கு நான் போட்ட மதிப்பெண்களில் எத்தனை அவளுக்காக, எத்தனை எனக்காக என்று அன்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சரியாகப் பிரிக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

திங்கட்கிழமை அவளே இன்னொருவரைக் கண்டுபிடித்தாள். கியர் பாக்ஸ் மட்டும் பார்க்கிறவர். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். பழைய மெக்கானிக் சொன்னதைச் சொன்னோம். "பிரிச்சுப் பாத்தாரா?" என்றார். இல்லை என்றோம். "பிரிக்காம சொல்றதுக்குப் பேரு ஜோசியம். பிரிச்சாக் கூலி உண்டு, உள்ள என்ன இருந்தாலும் உண்டு. சம்மதமா?" அத்தை தலையசைத்தாள். நானும் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். உள்ளே எல்லாம் நொறுங்கிக் கிடந்தால் அத்தையால் எதிர்த்துப் பேச முடியாது. அப்படிக் கிடக்கட்டும் என்றுதான் உள்ளூர ஆசைப்பட்டேன்.

கருத்த எண்ணெய் வடிந்து முடிந்ததும், ஒவ்வொரு பாகமாக மேஜைமேல் பரப்பிய சாக்கில் வைத்தார். பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு." கடைசியாகக் கவட்டை மாதிரி ஓர் இரும்புத் துண்டை எடுத்து அத்தையிடம் நீட்டினார். அதன் இரண்டு நுனிகளும் நகம் போலத் தேய்ந்து மினுங்கின.

"அக்கா, கியர் மேல கைய வெச்சுக்கிட்டே ஓட்டுவீங்களா?"

அத்தை தன் இடது கையைப் பார்த்தாள். நான்தான் ஆமாம் என்றேன்.

"இது ஃபோர்க். சுத்துற வளையத்தத் தள்ளிவிட்டுட்டு இது சும்மா நிக்கணும். நீங்க கைய எடுக்காததால, அந்தப் பாரத்துல வளையத்தோட ஒரசிக்கிட்டே இருந்திருக்கு. கியர் முழுசா உள்ள போய் உக்காரல. அதான் துள்ளுது. இதையும், கூட ரெண்டு வளையமும் பேரிங்கும் மாத்தினாப் போதும். வயசாகி இது போகல. உங்க கைதான் தின்னிருக்கு."

இருபத்திரண்டு வருடம் முட்டையைக் காப்பாற்றிய கை. அத்தை அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. கையில் கிடைத்த கடைசி வாதம் அது.

"இத மாத்தினாலும் கை அங்கதானே போகும் அத்தை? இத்தன வருஷப் பழக்கம் ஒரு வாரத்துல மாறுமா? மறுபடியும் தேயும். ஆட்டோமேட்டிக்னா இந்தத் தொல்லையே இல்ல."

அத்தை நிமிர்ந்தாள். "வண்டியில கோளாறு இல்ல, என்கிட்டதான் கோளாறுன்னு இவரு சொல்றாரு. கோளாறு உள்ள என்னைய வெச்சுக்கிட்டு, கோளாறு இல்லாத வண்டிய விக்கச் சொல்றியே, இதுக்குத்தான் படிச்சியா?"

கியர் பாக்ஸ்காரர் இருமுவதுபோல் சிரித்தார். பிறகு நேர்மையாகவே சொன்னார்: "அக்கா, இத்தன வருஷம் ஓடும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். அடியில துரு இருக்கு. இஞ்சினும் என்னிக்காவது ஒருநாள் படுக்கும்."

"எழுதிக் கேட்டேனா? நானும் என்னிக்காவது ஒருநாள் படுக்கத்தான் போறேன். மாட்டுங்க."

நான்கு நாட்கள் அத்தை வாடகை ஆட்டோவில் முட்டை கொண்டுபோனாள். ஐந்தாவது நாள் வண்டி வந்தது. முதல் லோடுக்கு என்னைப் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொன்னாள்.

"கை கியர்கிட்டப் போச்சுன்னா அடி."

"அத்தை!"

"அடிடி. சின்ன வயசுல நான் உன்ன அடிச்சதுக்கெல்லாம் சேத்து அடி."

கிடங்கைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை அடித்தேன். முதல் அடி தயங்கி விழுந்தது. கடைசி அடி நன்றாகவே விழுந்தது. மூன்றாவது கியர் போட்டாள். கையை உருவித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தண்டு யாரும் தொடாமல் தனியாக நடுங்கியது, ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. அத்தை சாலையை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள், புதிதாக ஓட்டக் கற்றவளைப்போல. கை சொல்லாததால் இரண்டு பள்ளங்களில் விழுந்தோம். பின்னால் அட்டைகள் முனகின.

பேக்கரியில் இறக்கியபோது பத்தொன்பது முட்டைகள் உடைந்திருந்தன. இதுவரை எந்த லோடிலும் அவ்வளவு உடைந்ததில்லை. பேக்கரிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா இது? பேசாம அந்தப் புது வண்டியவே வாங்கியிருக்கலாம்ல?"

நான் அத்தையைப் பார்த்தேன். அன்று முழுவதும் பேசாமல் இருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ ஒழுகிக்கொண்டிருந்த அட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த அடுக்கின் கயிற்றை அவிழ்த்தாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. கைதான் பழசு. அத மாத்திக்கிட்டு இருக்கேன், ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் உடையறது என்னுது, உங்க கணக்குல வராது. தள்ளுங்க, இறக்கணும்."