கப்பல்காரர் வைத்துவிட்டுப் போன கேம்ஷாஃப்ட்

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சைரன். வண்டியில் இருக்கும் சைரன் கெட்டுப்போனாலும் பரவாயில்லை, இவள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தெரு தானாக ஒதுங்கும் என்பார்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே தலை பின்னுவாள், ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த வேலைக்குக் கை போய்விடும். "காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள்" என்று சொல்லிச் சொல்லி அவளைப் பெற்றவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தச் சக்கரத்துக்கு ஏற்றாற்போல் ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அந்த வேலையைத்தான் இப்போது பிடுங்கிவிட்டார்கள். மழை பெய்த ஒரு காலையில் ஒரு வளைவை அவள் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாள். படுத்திருந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் துணைக்கு வந்த தம்பிக்காரன் கம்பியில் மோதிக் கையை முறித்துக்கொண்டான். ஒரு நோயாளியை ஏற்றிப்போய் இரண்டு பேரை இறக்கியவள் என்று நிலையத்தில் கேலி பேசினார்கள். அதிகாரி கேலி பேசவில்லை.

"கொஞ்ச நாளைக்கு ஃபோன்கிட்ட உக்காரும்மா. அப்புறம் பாக்கலாம்" என்றார். அந்த அப்புறம் எப்போது வரும் என்று அவர் சொல்லவுமில்லை, இவள் கேட்கவுமில்லை.

ஃபோன் அறைக்கு ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கு வெளியேதான் வண்டிகள் நிற்கும். காதில் மாட்டிய கருவியில் யாரோ அழுதுகொண்டே முகவரி சொல்வார்கள். இவள் அதைத் தட்டச்சு செய்து அனுப்புவாள். அடுத்த நொடியே ஜன்னலுக்கு வெளியே வேறொருவர் அவளுடைய வண்டியை எடுத்துக்கொண்டு போவார். அவர் கியர் மாற்றும் சத்தத்திலேயே இவளுக்குப் பல் கூசும். மேசைக்கு அடியில் அவளுடைய வலது கால் தன்பாட்டுக்கு ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும். பக்கத்து மேசைப் பெண், "அக்கா, மேசை ஆடுது. எனக்கு எழுத்தெல்லாம் கோணலா வருது" என்று ஒருநாள் சொல்லியே விட்டாள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் நிற்கவில்லை. வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும்தான். கணவர் கப்பலில் சமையல்காரர். மாதக்கணக்கில் கடலில் இருப்பார், வந்தால் சில வாரம் இருந்துவிட்டுப் போவார். அவர் ஆசை ஆசையாக வாங்கிய கார் முன்பக்கக் கூரையின் கீழே நின்றது. இரண்டே கதவு, தரையோடு தரையாகத் தாழ்ந்த நீல வண்டி, பந்தயத்துக்கென்றே பிறந்தது. அதை அவர் ஓட்டும் அழகு இருக்கிறதே, மடியில் கொதிக்கிற பாலை வைத்துக்கொண்டு போகிறவர் மாதிரி ஓட்டுவார். சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போவார்கள். ஊருக்கு வந்தால் ஓட்டும் நேரத்தைவிட அதைக் கழுவித் துடைக்கும் நேரம்தான் அதிகம்.

கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு புதிய கேம்ஷாஃப்ட். எஞ்சினின் தலைக்குள் படுத்திருக்கும் தண்டு அது. அதில் வரிசையாக முட்டை வடிவப் புடைப்புகள் இருக்கும். தண்டு சுழலச் சுழல அந்தப் புடைப்புகள் வால்வுகளை அழுத்தித் திறக்கும். புடைப்பு உயரமாக இருந்தால் வால்வு அதிகமாகத் திறக்கும், எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும், வண்டிக்கு இறக்கை முளைக்கும். "அடுத்த தடவ வரும்போது மாத்திடறேன்" என்று சொல்லித்தான் அவர் அதை வாங்கி வைத்தார். எத்தனையோ அடுத்த தடவைகள் வந்து போய்விட்டன. பெட்டிக்கு மேல் பழைய போர்வை ஏறியது, போர்வைக்கு மேல் தூசு ஏறியது.

ஒரு சனிக்கிழமை காலை சைரன் வீட்டைக் கூட்டினாள், கூட்டிய வீட்டை மறுபடியும் கூட்டினாள், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டாள். அது பெட்டியில் போய் இடித்தது.

கொஞ்ச நேரத்தில் காரின் முன்மூடி திறந்திருந்தது.

"என்னடி பண்றே?" என்று மாமியார் வாசலுக்கு வந்தார்.

"ஒண்ணும் இல்ல அத்தை. சும்மா திறந்து பாக்கறேன்."

"சும்மா பாக்கறவளுக்கு எதுக்கு அத்தனை ஸ்பேனர்?"

சைரன் அடுத்த ஸ்பேனரை எடுத்தாள். ஆம்புலன்ஸ் பட்டறையில் மெக்கானிக்குகளின் பின்னாலேயே அலைந்து, பெல்ட் மாற்றுவதிலிருந்து பிரேக் கட்டுவது வரை கற்று வைத்திருந்தாள். கேம்ஷாஃப்டை மட்டும் அவள் கையால் தொட்டதில்லை. தொட்டதில்லை என்பதே அவளுக்கு அரிப்பாக இருந்தது.

மாமியார் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டத்தான் உட்கார்ந்தார். ஆனால் தன் மகன் இத்தனை நாள் துணி போர்த்திக் காத்த பொருளின் வயிற்றுக்குள் என்னதான் இருக்கிறது என்ற ஆவல் அவரையும் விடவில்லை. அரை மணி நேரத்தில் டார்ச் அவர் கைக்கு வந்தது. மாலைக்குள் மூக்கில் கிரீஸும் வந்தது.

வால்வுகளுக்கு மேலிருந்த மேல் மூடி கழன்று வந்தது. சக்கரங்களில் பொறித்திருந்த குறிகளை நேராக்கிவிட்டு, தண்டைச் சுழற்றும் பல்வைத்த டைமிங் பெல்ட்டைத் தளர்த்தி எடுத்தாள். தண்டைப் பிடித்திருந்த மூடிகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கம் அவசரப்பட்டால் தண்டு வளைந்துவிடும். இந்தக் கொஞ்சம் கொஞ்சமாக என்பதுதான் அவளுக்கு ஆகாத சங்கதி. ஒவ்வொரு போல்ட்டுக்கும் கால் சுற்று கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் உள்ளங்கை வியர்த்தது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். பழைய தண்டைத் தூக்கி வெளியே வைத்தபோது மாமியார் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை பில்டப்பு?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதியது உள்ளே உட்கார்ந்தது. புடைப்புகளில் மசகுப் பசை தடவி, மூடிகளை இறுக்கி, பெல்ட்டை மாட்டினாள். அடுத்து எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். நீளக் கைப்பிடியை மாட்டி இழுத்தாள். முதலில் சுலபமாக வந்தது. பிறகு டக்கென்று நின்றது. மறுபடி இழுத்தாள். அசையவில்லை.

முடியும் நேரத்தில் முட்டுக்கட்டை என்றால் அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிடும். பெரிய குழாய் ஒன்றைத் தேடி எடுத்து வந்து கைப்பிடியில் செருகினாள். காலை ஊன்றிக்கொண்டாள்.

"ஏய், நில்லு" என்றார் மாமியார். "உள்ள ஆள் இருக்கிற கக்கூஸ் கதவ இழுக்கற மாதிரி இழுக்கறியே. ஏதோ தடுக்குதுன்னா என்னன்னு பாரேன்."

சைரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை தளர்ந்தது. குழாயைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். பெல்ட்டை இறுக்கும்போது அது இரண்டு பல் நழுவியிருந்தது. பழைய தண்டாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும். இது வால்வை இன்னும் ஆழமாக இறக்குவது. கீழிருந்து ஏறிய பிஸ்டன் வால்வின் தலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் வால்வு கோணியிருக்கும். பின்பக்கமாகச் சுற்றி விடுவித்து, பெல்ட்டைக் கழற்றி, குறிகளை மறுபடியும் சேர்த்து மாட்டினாள். இந்த முறை இரண்டு சுற்றும் வெண்ணெயாக வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கப்பலிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மாமியார்தான் எடுத்தார்.

"என்னம்மா, மூக்குல கறுப்பா?"

"மை."

"மூக்குலயா?"

"கண்ணுக்கு வச்சது. வழிஞ்சிடுச்சு."

"பின்னாடி ஏன் காரோட மூடி திறந்திருக்கு?"

"காத்தாட" என்றார் மாமியார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

சைரன் ஃபோனை வாங்கினாள். "நான்தாங்க. கேம்ஷாஃப்ட மாத்திட்டேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பாள். படம் உறைந்துவிட்டதோ என்று அவள் ஃபோனைத் தட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு முடிஞ்சுது?"

"மேல் மூடி போட்டா ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதான்."

"இங்க படுத்தா தூக்கம் வராது" என்றார் அவர். "கப்பல் ஆடிட்டே இருக்கும். அப்போ மனசுக்குள்ள அந்த மூடியக் கழட்டுவேன். ஒவ்வொரு போல்ட்டா. பெல்ட்ட எடுப்பேன். அந்தத் தண்ட வெளிய எடுக்கறதுக்குள்ள தூங்கிடுவேன். ஒரு தடவகூட முடிச்சதில்ல. நீ முடிச்சுட்டே."

அழைப்பு நின்றது.

சைரன் அங்கேயே நின்றாள். அவளுக்கு முடிக்காமல் விட்ட வேலை என்றால் நெஞ்சில் முள். அவருக்கு அதுவே தலையணையாக இருந்திருக்கிறது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது தெரியவில்லையே என்று நினைத்தாள். அவள் கை ஸ்பேனருக்குப் போனது.

"என்ன பண்ணப் போறே?"

"கழட்டிட்டு பழையதப் போடறேன். இத பெட்டியிலயே வச்சிடறேன்."

"போட்டதக் கழட்டினா போடாததாயிடுமா?" என்றார் மாமியார். "ஆறப்போடு. அவனும் ஆறட்டும்."

மறுநாள் அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: "ஸ்டார்ட் பண்ணாதே, நான் வந்துடறேன்."

அவர் வர இன்னும் சில வாரம் இருந்தது. அந்தச் சில வாரம் அவள் பட்ட பாடு நாய் படாத பாடு. வேலையிலிருந்து வரும்போதெல்லாம் கார் அவளைப் பார்க்கும். சாவி ஆணியில் தொங்கும். ஒரு திருப்பு, அவ்வளவுதான். சாவியைத் தொடுவாள், விடுவாள், துணி மடிப்பாள். ஃபோன் அறையிலும் கால் ஆடியது. பக்கத்து மேசைப் பெண் மேசைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டாள்.

அவர் வந்தார். பையை வைத்தார், கை கழுவினார், நேரே காருக்குப் போனார். அவள் போட்டிருந்த மேல் மூடியைக் கழற்றினார். சைரன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். குறிகளைப் பார்த்தார். கடைசியில், "நடுவுல ஏதாவது தப்பாச்சா?" என்றார்.

"பெல்ட்டு ரெண்டு பல்லு நழுவிடுச்சு. கண்டுபிடிக்காம குழாய போட்டு இழுக்கப் பாத்தேன். அத்தைதான் தடுத்தாங்க."

அவர் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். "நான் மனசுல பண்ணும்போது ஒரு தடவகூட நழுவினதில்ல தெரியுமா? நிஜமா பண்ணியிருந்தா நானும் இழுத்திருப்பேன்."

மூடியை அவரே போட்டார். சாவியையும் அவரே திருப்பினார். புதிய தண்டு பழகும்வரை எஞ்சினைச் சும்மா முனகவிடக் கூடாது, உயர்ந்த வேகத்திலேயே ஓடவிட வேண்டும். அந்த இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து கையால் என்னவோ கேட்டார்; மாமியார் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோது கார் நின்ற இடத்திலேயே உதறியது. சமையலறை அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன.

"என்னடா இது, குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்குது?"

"இப்படித்தாம்மா இருக்கும். வேகத்துல சரியாயிடும்."

"வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இப்படித்தான் இருக்கு" என்று மாமியார் உள்ளே போய்விட்டார்.

இருவரும் ஊருக்கு வெளியே அகலச் சாலைக்குப் போனார்கள். அவர் வழக்கம்போலப் பாலைச் சுமப்பவராகத்தான் தொடங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, மிதித்தார். எஞ்சினின் குரல் மாறியது. முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. மரங்கள் ஓடின. அவர் வாய்விட்டுக் கத்தினார், சின்னப் பிள்ளை மாதிரி. சைரனின் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. கை பிடிக்க ஒன்றுமில்லாமல் கதவைத் துழாவியது.

"மெதுவா! மெதுவாங்க!"

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. கையை முறித்துக்கொண்ட அந்தத் தம்பிக்காரனின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அவள் அவனைத் திரும்பிப் பார்த்திருக்கவே இல்லை.

அந்த வாரமே விசாரித்துக்கொண்டு அவனைப் போய்ப் பார்த்தாள். கட்டு அவிழ்த்திருந்தான். "அண்ணன் பொழச்சிட்டான், அது போதும்" என்றான். ஆனாலும் உட்காரச் சொல்லவில்லை. அவளும் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தாள். அடுத்த மாதம் அதிகாரி கூப்பிட்டு வண்டிச் சாவியைக் கொடுத்தார்.

கணவர் கப்பலுக்குக் கிளம்பும் முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொண்டார். புதிய தண்டு கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மேல் மூடியைத் திறந்து, புடைப்புக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

"அது என் வேலை" என்றார். "வந்து பண்றேன். இனிமே ராத்திரி எனக்கு அதுதான்."

"உங்க வேலைதான். தொடமாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? அவர் போனதும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டை மாமியாரிடம் கொடுத்து, "எனக்குத் தெரியாத இடத்துல ஒளிச்சு வச்சிடுங்க" என்றாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் காரை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காது கொடுத்தாள். மூடிக்கு அடியில் டிக் டிக்கென்று ஒரு சத்தம். நேற்றைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறதா? இல்லை, அதே அளவுதானா? அணைத்தாள். மறுபடி ஸ்டார்ட் செய்தாள்.

"அத்தை! அந்தத் தகட்ட எங்க வச்சீங்க? சும்மா பாத்துட்டு தந்துடறேன்."

"மறந்துபோச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இந்த முறை அது பொய்யா நிஜமா என்று சைரனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் வாசலுக்கும் காருக்குமாக நடந்தாள். பிறகு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, விடிந்ததும் கழுவிய காரை மறுபடியும் கழுவத் தொடங்கினாள்.